முள்ளிச்செவலுக்கு வந்த ஒன்பது விநாடி

முள்ளிச்செவலில் சத்தம் பிந்தி வந்த காலம் ஒன்று இருந்தது. மழை பிந்தும், பஸ் பிந்தும், கல்யாணம்கூடப் பிந்தும், அதெல்லாம் எல்லா ஊருக்கும் உள்ளதுதான். ஆனால் வாயை விட்டுப் புறப்பட்ட சொல் எதிரே நிற்கிறவன் காதுக்கு ஒன்பது விநாடி கழித்துப் போய்ச் சேர்ந்தது, கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டில் கிடக்கும் அந்த ஒரே ஊரில்தான். யாரால் வந்தது என்று ஊருக்குத் தெரியாது. சண்முகக்கனிக்குத் தெரியும்.

கனி வீடியோ ஆப் செய்கிறவள். சென்னையில் பதின்மூன்று வருஷம் கம்பெனி கம்பெனியாக மாறி, சினிமா ஓட்டும் ஆப், சீரியல் ஓட்டும் ஆப், கிரிக்கெட் ஓட்டும் ஆப் என்று அவள் கை படாத ஆப் கிடையாது. சேர்ந்த புதிதில் அவளுக்குக் கொடுத்த முதல் வேலை, படம் வராமல் நிற்கும்போது திரை நடுவே ஒரு வட்டம் சுற்றுமே, அது எந்த வேகத்தில் சுற்றினால் பார்க்கிறவனுக்குக் கோபம் குறையும் என்று கண்டுபிடிப்பது. அங்கிருந்து படிப்படியாக ஏறி, நேரலை என்றால் கனியைக் கூப்பிடு என்கிற அளவுக்கு வந்தபோது, முகம் தெரியாத ஒருவர் எழுதிய புகார் அவள் மேஜைக்கு வந்தது. 'பக்கத்து வீட்டில் கத்திய பிறகுதான் என் வீட்டில் சிக்ஸர் விழுகிறது. எச்சில் இலையில் சாப்பிடுவதுபோல் இருக்கிறது.'

அந்த இரண்டு வரி அவளைப் பேயாகப் பிடித்துக்கொண்டது. மைதானத்தில் நடப்பது திரைக்கு வர எப்போதும் கொஞ்சம் பிந்தும். வழியில் தடங்கல் வந்தாலும் படம் நிற்காமல் ஓட வேண்டுமே என்று, கண்மாயில் தண்ணீரைத் தேக்கி மடையைத் திறப்பதுபோல, கொஞ்ச நேரத்தைத் தேக்கி வைத்துத்தான் திறந்துவிடுவார்கள். அந்தத் தேக்கத்தையே இல்லாமல் ஆக்குவேன் என்று கனி ஒற்றைக்காலில் நின்றாள். நாற்பது விநாடியை இருபதாக்கினாள், இருபதை ஒன்பதாக்கினாள், அதற்கும் கீழே இறங்கப் பார்த்தபோது, ஊர் உலகமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தில் மொத்தமும் படுத்துவிட்டது. பழி அவள் தலையில் விழுந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள்.

ஊரில் அவளுக்கு இருந்தது அக்கா பேச்சியம்மாள் ஒருத்திதான். அம்மா போன பிறகு, தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊர் சொல்லும் தொழிற்சாலையில் பெட்டிக்குள் குச்சி அடைத்துத் தங்கையைப் படிக்க வைத்தவள். இப்போது அதே ஆபீசில் அடைப்பு ஷெட்டுக்கு மேற்பார்வை. கன்னங்கரேலென்று கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். அவள் வாசலில் நின்று "ஏ கனீ" என்று கூப்பிட்டால் அந்தக் காலத்தில் ஹாக்கி மைதானத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் சின்னக் கனி வீட்டுக்கு ஓடி வருவாள்.

முள்ளிச்செவல் ஹாக்கி ஊர். மட்டையைப் பிடித்து ஓடிய எட்வின் என்பவர், முழங்கால் போனபிறகு, மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் பிழைக்கப் போன ஊர்ப் பிள்ளைகள் ஆட்டத்தைப் பார்க்கட்டும் என்று 'செவல் லைவ்' என்று ஓர் ஆப் தொடங்கியிருந்தார். அது ஆப் என்பதைவிட வட்டம் சுற்றும் கடிகாரம் என்று சொல்வது பொருத்தம். கனி வந்து சேர்ந்ததும் எட்வினுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதையாயிற்று. "கனிம்மா, உங்க இஷ்டத்துக்குச் செய்ங்க, எதுன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். கனி மாதக்கணக்கில் உட்கார்ந்து, சென்னையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, ஒரு நாள் மத்தியானம் அந்த ஒன்பது விநாடித் தேக்கத்தின் கரையை மொத்தமாக உடைத்துவிட்டாள். ஆளில்லாத மைதானத்தில் கேமராவுக்கு முன்னால் போய் நின்று, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, நேரலைக்காரர்கள் சோதிக்கிற வழக்கப்படி கையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

போனில் கைதட்டல் அப்போதே கேட்டது. கையில் கேட்கவில்லை.

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்து ஏதோ சொல்லிப் பார்த்தாள், அதுவும் கேட்கவில்லை. அப்புறம், எங்கேயோ போய்விட்டு வருகிற மாதிரி, அந்தக் கைதட்டல் வெறும் காற்றில் வந்து விழுந்தது. தேக்கி வைத்திருந்ததை உடைத்துவிட்டால் அது எங்கே போகும் என்று பதின்மூன்று வருஷத்தில் யாரும் அவளைக் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை. உலகத்தின் திரைகளிலிருந்து அவள் விரட்டிய ஒன்பது விநாடி நேராக முள்ளிச்செவலுக்கு வந்து குடியேறிவிட்டது.

ஊர் ஒரு பகல் பயந்தது, ஒரு பகல் சாமி கும்பிட்டது, அதற்கடுத்த பகல் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. சங்கையா கடையில் டீ கேட்கிறவர்கள் வாயசைத்துவிட்டு நிற்க, சங்கையா உதட்டைப் பார்த்தே சர்க்கரை கம்மியா தூக்கலா என்று கண்டுபிடித்து டம்ளரை நீட்டிய பிறகு "ஒரு டீ" என்ற சத்தம் வந்து சேர்ந்தது. பூசாரி மணியை ஆட்டிக் கீழே வைத்து, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு திருநீற்றுக்குக் கை நீட்டும்போது கோயிலுக்குள் மணி அடித்தது. கண்மாய்ப் பாலம் தாண்டியதும் கண்டக்டர் பஸ்சை விட்டு இறங்கி, ஹாரனை நம்பாமல் சிவப்புத் துண்டை வீசிக்கொண்டே முன்னால் நடந்தார். தாலுகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தார், அது வருவதற்குள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அவர் கொடுத்த சத்தம் மட்டும் கேட்பாரில்லாமல் கிணற்றில் கேட்டது.

போகப்போக ஊருக்கு அது பிடித்துவிட்டது என்பதுதான் சங்கதி. சிந்திய பாலையும் சொன்ன சொல்லையும் அள்ள முடியாது என்பார்கள், முள்ளிச்செவலில் அள்ள முடிந்தது. புருஷன் கோபத்தில் ஒரு வார்த்தையை விட்டுவிடுவான்; விட்ட மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய், அது வந்து சேருமுன் பெண்டாட்டியின் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். அவளும் உதட்டைப் பார்த்துப் புரிந்திருந்தாலும் புரியாதவள் மாதிரி நிற்பாள். தெருக்குழாயடியில், ரேஷன் கடையில், மாமியார் மருமகள், பங்காளிகள் என்று ஒருத்தர் காதை ஒருத்தர் பொத்திக்கொண்டு நிற்பது ஊரில் சாதாரணக் காட்சியாகி, வழியே போகிறவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். அந்த ஊரில் அந்தக் காலத்தில் ஒரு வெட்டுக்குத்து இல்லை.

ஹாக்கியிலும் அதிர்ஷ்டம் அடித்தது. வெளியூர் அணிகள் விசிலையும் கூப்பாட்டையும் நம்பி ஆடிப் பழகியவை, இங்கே வந்து திருவிழாவில் தொலைந்த பிள்ளைகளாய்த் திகைத்தன. உள்ளூர் அணியோ நடுவர் வீசும் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் கண்ணாலேயே பந்தைக் கடத்தி, பொன்விழாக் கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, செவல் லைவ் வழியாக வந்தால் மட்டும் சத்தம் அப்போதே கேட்கும் என்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? ஒரே அடுப்பங்கரையில் நிற்கிற அம்மாவும் மகளும் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு நேரலையில் பேசினார்கள். போன் இல்லாதவனை ஊமை என்றார்கள். எட்வின் தரையில் கால் பாவாமல் நடந்தார். பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி ஆட்கள், பிந்தாத நேரலையை நேரில் பார்த்து விலை பேச, கடைசி ஆட்டத்தன்று வருவதாக இருந்தது. யார் செய்தது என்று கேட்டால், சென்னையில் தலைகுனிந்து வெளியேறிய கனியின் பேரைச் சொல்வார்கள். அதை அவள் எவ்வளவு ஆசையாக எதிர்பார்த்தாள் என்பதை மறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் தீப்பெட்டி ஆபீசுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அது ஒன்பது விநாடிக்கு முந்தி இருந்தே உள்ள கட்டுப்பாடு. தீக்குச்சி மருந்தின் வாசம் நிறைந்த இடத்தில் போனும் ஒரு பொறிதான். பேச்சியம்மாள் முறத்தில் புளியமுத்துகளை, புளியங்கொட்டைகளைத்தான், வைத்துக்கொண்டு, யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் முதுகில் ஒன்றைச் சுண்டி எறிந்து திரும்ப வைத்தாள். ஒரு நாள் பெட்டி அடைக்கும்போது குச்சியும் குச்சியும் உரசி ஒருத்தியின் மடியில் ஒரு கட்டு பற்றிக்கொண்டது. அது அடிக்கடி நடப்பதுதான், மண்ணில் போட்டு மிதித்துவிடுவார்கள். ஆனால் அவள் பக்கத்துக்காரியோடு சிரித்துக்கொண்டு மறுபுறம் திரும்பியிருந்தாள். பேச்சியம்மாள் கத்தினாள். சத்தம் வரவில்லை. ஓடினாள், கையால் அடித்து அணைத்தாள், அணைத்து முடித்துக் கை எரிந்துகொண்டிருக்கும்போது அவள் கத்தியது ஷெட்டுக்குள் வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலம் கையில் மருந்தைப் பூசிக்கொண்டு வந்தவளைப் பார்த்த பிறகு கனிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மத்தியானம், யாருக்கும் தெரியாமல், உடைத்த தேக்கத்தை ஒரு கண நேரம் திரும்ப வைத்துப் பார்த்தாள். திரையில் வட்டம் சுற்றியது. ஊருக்கு மேலே காற்றில் வந்துகொண்டிருந்த சத்தமெல்லாம் ஒரேயடியாக அப்போதே விழுந்தது: குக்கர் விசில், ஆட்டுக்குட்டியின் கத்தல், பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு, யாரோ யாரையோ ஏசிய ஏச்சு. அவ்வளவுதான், அந்தக் கணம் ஊர் மற்ற ஊர்களைப்போல இருந்தது. கனி உடனே தேக்கத்தை எடுத்துவிட்டாள். ஒரே ஒரு பட்டன். அழுத்தினால் அக்காவுக்குக் குரல் கிடைக்கும், கனி மறுபடியும் சென்னையில் தோற்ற பழைய கனி.

வீட்டில் அக்காவிடம் போனை நீட்டி, நேரலையில் சொன்னாள்: "யக்கா, என்னாலதான் இது. நான் நெனச்சா சரியாக்கிரலாம்."

பேச்சியம்மாள் போனைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். "அப்ப ஆக்கு."

"ஞாயித்துக்கெழம ஃபைனல் முடியட்டும். பெங்களூர்ல இருந்து வாராகக்கா. பதிமூணு வருஷம்க்கா."

"ஞாயித்துக்கெழமையும் எங்களுக்கு வேல இருக்கு. வடக்க இருந்து ஆர்டர் நெருக்குது."

"ஊர்ல யாரும் கேக்கலையே. எல்லாருக்கும் புடிச்சித்தான இருக்கு?"

"ஊரு போனக் கையில வச்சிருக்கு. எம் ஷெட்டுப் புள்ளைக வச்சிருக்கா?"

"நாலே நாள்க்கா. உங்கையப் புடிச்சுக் கேக்குதேன்."

பேச்சியம்மாள் போனைக் கட்டிலில் போட்டாள். தங்கையின் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து என்னவோ சொன்னாள், சொல்லிவிட்டுத் திரும்பி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் அது வீட்டுக்குள் வந்தது. வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு கனி அதைக் கேட்டாள். "நான் கூப்புட்டாக் கேக்குற தூரத்துலதான்டி உன்ன வளத்தேன். இப்ப பக்கத்துல இருக்குறவளுக்கே எஞ்சத்தம் எட்டல." பதில் சொல்லலாம் என்றால் எதிரே ஆளில்லை. அக்காவின் காதைப் போய்ப் பொத்துவதா, தன் காதைப் பொத்திக்கொள்வதா என்று தெரியாமல் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம். அவ்வளவு கூட்டமும் வாயைத் திறந்து கத்தியது, கத்தியதெல்லாம் பிந்தி வந்து வேறு எதற்கோ கத்தியதுபோல் விழுந்தது. பந்தலுக்குக் கீழே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கனி உட்கார்ந்திருந்தாள். பின்னால் பெங்களூர்க்காரர்கள் மைதானத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்கள். தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு கேமரா, தீப்பெட்டி ஆபீஸ் மதிலோரக் கம்பத்தில் ஒரு மைக். திரையின் ஓரத்தில், மதிலுக்கு அந்தப் பக்கம், ஆபீசின் தகர ஷெட்டும் அதன் திறந்த பக்கமும், வரிசையாக முதுகைக் காட்டி உட்கார்ந்து பெட்டி அடைக்கும் பெண்களும் சின்னதாகத் தெரிந்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தாலும் கனியின் கண் அங்கேதான் போனது.

ஆட்டம் சமநிலை. முடியப் போகிற நேரம். முள்ளிச்செவலுக்குப் பெனால்டி கார்னர், கோல் அடிக்கக் கிடைத்த கடைசி வாய்ப்பு. முன்வரிசை ஆட்டக்காரன் மாரிக்கண்ணு மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றான், மொத்தக் கூட்டமும் எழுந்தது. அப்போது ஹெட்போனில், மதிலோர மைக்கிலிருந்து, கனிக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த குரல் கேட்டது.

"தீ! தீ! எந்திரிச்சி ஓடுங்கடி! பின்வாசல் வழியா ஓடுங்கடி!"

திரையின் ஓரத்தில் புகை. புகைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் பெண்கள். அவர்களுக்கும் அவளுக்கும் நடுவே காயவைத்த குச்சி அடுக்கு வரிசையாகப் பற்றி ஏறிக்கொண்டிருந்தது. அக்கா புளியமுத்தை அள்ளி வீசினாள், அது நெருப்பைத் தாண்டவில்லை. மஸ்கட்டிலிருந்து யாரோ திரைக்குக் கீழே, 'பொம்பளை சத்தம் கேக்குதே, என்னாச்சு?' என்று எழுதினார்கள். மஸ்கட்டுக்குக் கேட்டுவிட்டது. பத்தடி தூரத்தில் அந்தப் பெண்களின் கைகள் பெட்டி அடைத்துக்கொண்டே இருந்தன, ஒருத்தி தலையைச் சாய்த்துக் கொண்டையைச் சரிசெய்தாள்.

கனி ஹெட்போனைப் பிய்த்தெறிந்தாள். எட்வின் அவள் கை போகிற இடத்தைப் பார்த்துவிட்டார். அவர் முகம் வெளுத்து உதடு என்னவோ சொன்னது. அது என்னவென்று கேட்க அவள் காத்திருக்கவில்லை. பட்டனை அழுத்தினாள்.

முள்ளிச்செவல் மேல் அதன் சத்தமெல்லாம் ஒரேயடியாக இடிந்து விழுந்தது. கூட்டத்தின் கூச்சல், நடுவரின் விசில், கோயில் மணி, எட்வினின் "வேண்டாம்மா!", எல்லாவற்றுக்கும் மேலே மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சியம்மாளின் குரல். மாரிக்கண்ணு மட்டையைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான், பந்து அவன் காலடியை உரசிக்கொண்டு தானாக வெளியே உருண்டு போனது. கனி அதைப் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்த திரையில் படம் உறைந்து, நடுவே வட்டம் சுற்றத் தொடங்கியிருந்தது, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பெண்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். உலகத்தில் முள்ளிச்செவலைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லாத் திரையிலும் அதே வட்டம் சுற்றியது. திரையை நம்பினால் ஆகாது என்று அவள் எழுந்து மதிலைப் பார்த்து ஓடினாள்.

மதிலேறிக் குதித்தவர்களும் கதவை உடைத்தவர்களுமாக ஊரே உள்ளே போனபோது, ஷெட் தகரத்தோடு சேர்ந்து சரிந்துகொண்டிருந்தது. பின்வாசல் வேலிக்கு வெளியே, கரிசல் மண்ணில் செருப்பில்லாமல், அத்தனை பெண்களும் நின்றிருந்தார்கள். ஒருவரையொருவர் தொட்டுத் தொட்டு எண்ணி, எண்ணிக்கை சரியாக இருந்ததும்தான் அழத் தொடங்கினார்கள். அந்த அழுகை அப்போதே கேட்டது.

கோப்பை கைநழுவிப் போனது. பெங்களூர்க்காரர்கள் சொல்லாமல் காரேறினார்கள். "தீயத்தான் அணைச்சாச்சே கனிம்மா, திரும்ப அந்தத் தேக்கத்த எடுத்து விட்டுருங்களேன், அவுக பாலம் தாண்டியிருக்க மாட்டாக" என்று எட்வின் கெஞ்சினார், கெஞ்சிவிட்டு அவரே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கனி மாதக்கணக்கில் எழுதியதை அவர் கண்முன்னாலேயே அழித்தாள். ஊருக்கும் அவள் மேல் வருத்தம்தான். அன்று பொழுது சாய்வதற்குள் நான்கு தெருவில் சண்டை. பழைய நினைப்பில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுக் காதைப் பொத்த ஓடிய ஆண்கள், கை போவதற்குள் வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டதைக் கண்டு நடுவழியில் நின்றார்கள்.

யாருமில்லாத பந்தலில் கனி கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். திரைக்குக் கீழே இன்னும் ஏச்சு வந்துகொண்டிருந்தது. மஸ்கட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: 'ஊருக்குப் போன் போட்டா அங்க எல்லாரும் தீன்னு கத்துறாங்க, எங்களுக்கு அதுக்கப்புறம்தான் வருது. என்ன ஆப் நடத்துறீங்க?' சென்னையில் அவளை வருஷக்கணக்கில் தூங்கவிடாமல் துரத்திய அதே புகார் அது. கனி அதை இரண்டு தரம் வாசித்தாள். அழுகையும் சிரிப்புமாக ஏதோ வந்தது.

பேச்சியம்மாள் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தாள். புருவம் பொசுங்கியிருந்தது, சேலையெல்லாம் கரி. கத்திக் கத்திக் குரல் உடைந்து, காற்றுதான் பாதி வந்தது.

"ஏ கனி."

"யக்கா."

"நான் கத்துனது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

"எப்ப?"

"அப்பவேக்கா."